கேட்டு வாங்கிய சுவர்கள்

நாற்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிற நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் எந்தச் சுவர் எந்தக் கட்சியுடையது என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததா? எனக்குத் தெரிந்திருந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன், சுவர்களில் தடுமாறியதில்லை. பால் சொசைட்டிக்கு எதிர்ச்சுவர், தறிப்பட்டறையின் நீளச்சுவர், சந்தை முக்கில் பெரியப்பா வீட்டு மதில், அரிசி மில்லின் பின்புறம். கண்ணை மூடினால் இப்போதும் வரிசையாக வருகின்றன, வெள்ளையடித்து, நீலக் கரை கட்டி, மூலையில் பச்சைச் சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏற.

போன மாதம் சூரமங்கலத்தில் பஸ் ஏறி எடப்பாடிப் பக்கம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பி விளம்பரம், சிமெண்ட் விளம்பரம், நீட் பயிற்சி, பள்ளிக்கூடம். சுவர் இப்போதும் பேசுகிறது, யாரையும் கேட்டுக்கொண்டு பேசவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் போனில் அரசியல் பார்த்துக்கொண்டு வந்தாள். யாரோ யாரையோ விட்டுப் போன செய்தி. அவள் அதைத் தள்ளிவிட்டுச் சமையல் வீடியோவுக்குப் போனாள். என்னால் போக முடியவில்லை. ஒரு பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவே போய் நின்றுவிட்டேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. எங்களுக்கு எட்டுத் தறி ஓடியது. அப்பா எங்கள் ஊரில் அந்தப் பெரிய கட்சியின் தலைவர். பெரிய கட்சி என்றால் நாடு முழுக்க இருக்கிற கட்சி, டெல்லியில் தலை, எங்கள் ஊரில் கால். முடிவுகள் எல்லாம் தலையில் எடுக்கப்படும், நடப்பதெல்லாம் காலில் நடக்கும். அந்தத் தேர்தலுக்குத் தலை ஒரு முடிவெடுத்தது. ஐந்து வருடமாக எந்தக் கட்சிக்கு எதிராகக் கால்கள் தெருத்தெருவாக நடந்தனவோ, அதே கட்சியோடு கூட்டணி.

அன்று காலை அப்பா கரை வேட்டி கட்டிக்கொண்டு வேனில் சேலம் போனார். பொழுது சாய்கையில் திரும்பி வந்தபோது வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கரையே இல்லாத வேட்டி, கடை மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. பழைய வேட்டி பையில் மடித்து இருந்தது. அம்மா பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கச்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான் மாறல. டெல்லிதான் மாறிப் போச்சு" என்றார் அப்பா. செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் ஒரு கட்சி உடைந்து வந்து சேர்ந்தது. வெளியூர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் அது உடைந்தது போலவே இல்லை. வீடு மாறுவது போல இருந்தது. இரண்டே நாளில் ஊரே வெள்ளை வேட்டிக்கு வந்துவிட்டது. புதுக் கட்சிக்கு அப்போது கொடி இல்லை, கரை இல்லை, சின்னம் இல்லை. ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபம் எவ்வளவு அழகாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்! பதவி கேட்டு வந்த கோபமில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊர் வாசல்களில் போய் ஓட்டுக் கேட்பேன் என்கிற கோபம். தறி நின்ற நேரங்களில் பட்டறை முற்றத்தில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீடிப் புகையும் நூல் தூசியும் வெயில் கம்பியில் சேர்ந்து சுழலும். பேசுகிறவர்களின் குரல் நடுங்கும். பெரியவர்களுக்குக் குரல் நடுங்கி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பெரியப்பா மட்டும் கரை வேட்டியோடு வந்தார்.

அப்பாவுக்கு ஒரே அண்ணன். சந்தை முக்கில் வீடு, அதற்குப் பின்னால் மரவள்ளிக் காடு. கட்சியில் அப்பாவைச் சேர்த்துவிட்டவரே அவர்தான். மறுநாள் காலை வந்தவர், யாரோ காட்டிய நாற்காலியில் உட்காராமல் நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"தம்பி, நீ சொல்றது அத்தனையும் நெசம். தப்பு மேலதான். ஆனா நான் வர்ல" என்றார்.

"ஏனுங்கண்ணா?"

"எல்லாரும் வெளிய போயிட்டா, தப்புன்னு உள்ள நின்னு சொல்றதுக்கு ஒருத்தன் வேண்டாமா?"

"உள்ள நின்னு சொன்னா யாருக்குங்க கேக்குது?"

"கேக்கலீன்னா போவுது. சொல்லோணுமல்ல."

அவ்வளவுதான் நடந்தது. சண்டை நடக்கும் என்று கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்மா காப்பி கொண்டுவந்தாள், இரண்டு பேரும் குடித்தார்கள், மரவள்ளி விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பெரியப்பா போனதும் அப்பா நூல் மூட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பழைய கட்சியில் மிஞ்சியது மூன்றே பேர். பெரியப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், காது கேட்காத பெட்டிக்கடைத் தாத்தா. பெட்டிக்கடைத் தாத்தாவுக்குக் கட்சி உடைந்த செய்தியே சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஆட்கள் சிரித்தார்கள்.

புதுக் கொடி வந்ததும் எங்கள் பட்டறையில்தான் முதல் கரை வேட்டி நெய்தார்கள். அவசரம். பாவு நூலைத் தறியில் பூட்டியவர் கரை நிறங்களைத் தலைகீழாக வைத்துவிட்டார். வெளியே வர வேண்டிய நிறம் உள்ளே, உள்ளே வர வேண்டியது வெளியே. அறுத்து எறிய அப்பாவுக்கு மனமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தேர்தல் முழுக்கத் தலைகீழ்க் கரையோடு அலைந்தார்கள். சேலத்துக் கூட்டத்தில் இதென்ன தனிப் பிரிவா என்று யாரோ கேட்டார்களாம். "ஆமாங்க, தொண்டர் படை" என்று, கட்சி வேலைக்கு அப்பாவோடு திரிந்த லாரி ஆபீஸ் அண்ணன் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாராம். அந்த வேட்டிகளில் ஒன்றுகூட இன்று எங்கள் வீட்டில் இல்லை. கைப்பிடித் துணியாகவும் தறி துடைக்கும் கந்தையாகவும் தேய்ந்து போய்விட்டன. ஒரு வரலாறு அப்படித்தான் தேய்ந்தது.

இனி சுவர்களுக்கு வருகிறேன்.

சுவர் கேட்பது என்று ஒரு வேலை இருந்தது. எழுதுவது வேறு, அதற்குப் பெயிண்டர் போதும். கேட்பது தலைவர் வேலை. தேர்தல் வருகிற வருடம் தை மாதத்திலேயே அப்பா கிளம்பிவிடுவார். காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று வீட்டுக்காரியைத்தான் கூப்பிட வேண்டும். ஆண்கள் தெருவில் வைத்துக் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். சுவரோடு குடியிருப்பவள் அவள்தான். இன்ன கட்சிக்குச் சுவர் வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அவள் கொடுக்கிற மோரைக் குடிக்க வேண்டும். சரி என்றால் சுவரின் மூலையில் நான்கு விரலால் சுண்ணாம்புக் கோடு. பிறகு பெயிண்டர் வந்து கட்சியின் பேரை எழுதிவிட்டுப் போவார். சின்னமும் வேட்பாளர் பேரும் ஓட்டு நெருங்கும்போது எழுதுவார்கள். அதற்கப்புறம் ஓட்டுப் போட்டு முடியும்வரை அந்தச் சுவரை வேறு யாரும் தொடுவதில்லை. சந்தையில் மண்டை உடைய அடித்துக்கொண்ட கட்சிகள்கூடத் தொட்டதில்லை. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பட்டறைச் சுவருக்கே அப்பா அம்மாவிடம் வாசலில் நின்று முறையாகக் கேட்டார். அம்மா அன்றைக்கு வேண்டுமென்றே மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். முகம் சுளிக்காமல் குடித்தார்.

அந்தத் தையில் ஊரின் நல்ல சுவர்கள் எல்லாம் அப்பாவின் விரலில் விழுந்திருந்தன. எல்லாவற்றிலும் பழைய கட்சியின் பேர்.

பங்குனியில் கட்சி உடைந்ததும் லாரி ஆபீஸ் அண்ணன் சொன்னதுதான் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை செய்த அவருக்கு எதையும் அன்றைக்கே ஏற்றி அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். "நீங்க கேட்டு வாங்கின செவுருதானுங்களே தலைவரே, நாளைக்கே அழிச்சுப்போட்டு நம்ம பேர எழுதிரலாமுங்க" என்றார்.

அப்பா மாட்டேன் என்றார்.

"ஏனுங்க? அந்தக் கச்சியில யாருங்க இருக்கறாங்க? மூணு பேரு. அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது."

"நான் வாசல்ல நின்னு கேட்டப்ப அந்தக் கச்சிக்குன்னு சொல்லித்தான் கேட்டேன். எனக்குன்னு கேக்கல. எனக்குன்னு கேட்டிருந்தா நான் போற பக்கம் செவுரும் வரும்."

"அப்ப அவங்ககிட்டயே போய்க் கேட்டு வாங்குங்க. உங்க அண்ணந்தானுங்களே?"

"விட்டுட்டு வந்த ஊட்டுல போயி நின்னு, சாமானக் குடுன்னு கேக்கச் சொல்றியா?"

அப்பா அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போது அது வெறும் வீம்பாகத் தெரிந்தது. சேலத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் ஊரை என்னிடம் விடுங்கள், ஒரு ஓட்டுச் சிதறாது என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான். இழுபறித் தொகுதி. எங்கள் ஊர் கைவிட்டால் வேட்பாளர் தோற்பார். வேட்பாளர் தோற்றால், முப்பது வருடம் இருந்த கட்சியை விட்டுப் போய்ச் சொந்த ஊரில் மண்ணைக் கவ்வியவர் என்று அப்பாவுக்குப் பேர் நிற்கும். அம்மா ஒரு நாள் இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல், இப்படியே போனால் நீங்கள் அந்தக் கட்சியிலும் இல்லாமல் இந்தக் கட்சியிலும் இல்லாமல் போவீர்கள் என்று. அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

ஓட்டுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சின்னம் வந்தது. குடை.

பதினாறு நாளில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களின் விரல் தன்னாலேயே பழைய சின்னத்துக்குப் போகிற ஊரில், ஒரு குடையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுவர் இல்லாமல். எதிர்க்கட்சிக்காரர்கள் டீக்கடையில் எங்களுக்குப் பேரே வைத்துவிட்டார்கள், செவுரில்லாக் கட்சி என்று. குழாயடியில் என்னையும் அப்படிக் கூப்பிட்டார்கள். "செவுரில்லாக் கச்சி வருது, தள்ளிக்க." குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவின்மேல் எனக்கு ஆத்திரம். நேர்மை என்பது அந்த வயதில் வயிற்றுவலி மாதிரி இருக்கிறது, தோழர்களே. யாருக்கோ வருகிறது, நாம் சுருண்டு படுக்க வேண்டியிருக்கிறது.

பெயிண்டர் மாமா சங்ககிரியில் லாரிக்குப் படம் எழுதுகிறவர். மயில், தாமரை, புலிமுகம், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். குடை எழுதி அவருக்குப் பழக்கமில்லை. முதல் குடை காளான் மாதிரி வந்தது. சுவர் இல்லாததால் லாரிகளின் பின்பலகையில் எழுதினார்கள். கை பழக்கத்தில் மாமா குடைக்குக் கீழே, 'உங்கள் வாக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில், 'இடைவெளி விடவும்' என்று எழுதிவிட்டார். இரண்டு லாரி அப்படியே புறப்பட்டுப் போய்விட்டது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. லாரிகள் குஜராத்துக்கும் ஒரிசாவுக்கும் போயின. ஓட்டு எங்கள் ஊரில் இருந்தது.

கோடை விடுமுறை. நான் பகலெல்லாம் பெரியப்பா வீட்டில்தான் கிடப்பேன். கட்சி உடைந்ததற்காக அதை யாரும் நிறுத்தவில்லை. அவர் மாம்பழத்தைக் கத்தியில்லாமல் கையால் உருட்டி உருட்டிப் பிசைந்து, காம்பைக் கிள்ளித் தருவார். உறிஞ்சிக் குடிக்க வேண்டும். முழங்கைவரை சாறு வழிய நான் கேட்டேவிட்டேன்.

"பெரியப்பா, அந்தச் செவுத்தயெல்லாம் எங்களுக்குக் குடுத்துருங்களே."

அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பன் கேக்கச் சொன்னானா, சாமி?"

"இல்லீங்."

"அவன் கேக்க மாட்டான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி, ஒரு கொண்டாட்டத்தோடு சொன்னார். பிறகு என் கையைக் கழுவிவிடக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெரிய வாளியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. கொதித்துக் குமிழியிட்டு, கிட்டப் போனால் முகத்தில் சூடு அடித்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் வாளியோடு தெருவில் இறங்கினார். கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டு, கையில் சுண்ணாம்பு மட்டை. கூட ஓய்வு பெற்ற தபால்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு. ஒவ்வொரு வீடாக நின்று, வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, எங்கள் கட்சிக்குச் சுவர் கொடுத்தீர்கள், சின்னம் எழுத ஆளில்லை, எழுதாத சுவரை வைத்துக்கொண்டிருப்பது முறையில்லை, உங்கள் சுவர் உங்களுக்கு என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கட்சியின் பேரைத் தன் கையாலேயே வெள்ளையடித்து மறைத்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பேர் ஒரே பூச்சில் போகவில்லை. ஈரம் காயக் காய எழுத்துகள் மறுபடி மேலே வந்தன. இரண்டாம் பூச்சு பூசினார். சில இடத்தில் மூன்றாவது. எழுபதை நெருங்கிய மனிதர், சித்திரை வெயில், கண்ணில் சுண்ணாம்பு தெறித்துத் துண்டால் ஒற்றிக்கொண்டே இரண்டு நாள் அடித்தார்.

பயந்துவிட்டார் என்றார்கள். தம்பியிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்றார்கள். பழைய கட்சியின் மேலிடத்து ஆள் ஒருவர் காரில் வந்து, சந்தை முக்கில் எல்லோரும் பார்க்கக் கத்தினார், கட்சியின் சொத்தைத் தூக்கிக் கொடுக்க நீ யார் என்று. பெரியப்பா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "எழுத ஆள் அனுப்புங்க. அனுப்புனா ஒரு செவுரு உடமாட்டேன்." கார் போனது. ஆள் வரவில்லை.

நான் கேட்டதால்தான் சுவர்கள் வந்தன என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் தோழிகளிடம்கூடப் பீற்றியிருக்கிறேன். எனக்குப் பிள்ளை பிறந்து, அவனுக்கு மாம்பழம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் உறைத்தது. நான் கேட்பதற்கு முன்பே சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. தம்பி கேட்கமாட்டான் என்று தெரிந்தவர், கேட்க வேண்டாதபடி செய்துகொண்டிருந்தார். அதே சமயம் தன் கட்சிக்கும் துரோகமில்லை. எழுத முடியாத சுவரைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த எழுதாத சட்டத்தில் இருந்தது. ஊரில் அதற்கு முன் யாரும் அதைச் செய்யும்படி நேரவில்லை, அவ்வளவுதான்.

சுவர்கள் வெறுமையாக நின்றன. லாரி ஆபீஸ் அண்ணன் பெயிண்டர் மாமாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா இரண்டு பேரையும் உட்காரவைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். மறுபடி முதல் வீட்டிலிருந்து. மறுபடி வாசல், மறுபடி மோர், இந்த முறை புதுக் கட்சியின் பேரைச் சொல்லி. அந்த வெயிலில் அத்தனை மோர் குடித்து அவருக்குச் சளியே பிடித்துவிட்டது.

எல்லோரும் கொடுக்கவில்லை. பால் சொசைட்டிக்கு எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தைக்கு ஒரு பேரு சொன்னீங்க. சித்திரைக்கு ஒரு பேரு சொல்றீங்க. அடுத்த தைக்கு எந்தப் பேரோடுங்க வருவீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். மோரைக் குடித்தார், சுவர் இல்லாமல் திரும்பினார்.

அந்த அக்கா கேட்டது வீண் கேள்வியில்லை. ஓட்டில் புதுக் கட்சி வாரிக்கொண்டு போனது. எங்கள் தொகுதியும் வந்தது. குடை பிடித்துக்கொண்டு ஊரே தெருவில் ஆடியது. அப்புறம் சில வருடம் கட்சி நடந்தது. சில தேர்தலில் நின்றது, சிலதில் தடுமாறியது. கோபத்தில் பிறந்த கட்சிக்குக் கோபம் தணிந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பிரித்துக் கொண்டுவந்த தலைவர் இறந்தார். கட்சி, போன வழியே திரும்பிப் போய்த் தாய்க்கட்சியில் சேர்ந்துகொண்டது. அப்பாவும் போனார். எங்கள் ஊர்ப் பொறுப்பில் அப்போது பெரியப்பா இருந்தார். தம்பி என்று பார்க்காமல், புதிதாகச் சேருகிறவர்களோடு வரிசையில் உட்காரவைத்து, புது உறுப்பினர் படிவத்தை எழுதி வாங்கினார். "முன்பு இக்கட்சியில் இருந்ததுண்டா?" என்ற இடத்தில் அப்பா 'ஆம்' என்று எழுதியதை, "எத்தன வருசம்னு சேர்த்து எழுது தம்பி" என்று திருத்தச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கட்சியின் பேர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. வெளியே வந்ததே தப்பு என்கிறவர்கள் உண்டு, திரும்பியது தப்பு என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கோடிப் பேர் இருக்கிற கட்சியிலிருந்து, எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது என்ற ஒரே வெட்கத்துக்காக ஒரு ஊரே வெளியே வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றவர்கள் வெறும் சுவரைக்கூடக் கேட்காமல் தொடவில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னும் ஒரு சுவர்.

எல்லாச் சுவரும் எழுதி முடித்தபின் சந்தை முக்கில் பெரியப்பா வீட்டு மதில் மிச்சமிருந்தது. ஊரிலேயே நல்ல சுவர் அது. நான்கு பக்கத்து ரோட்டிலிருந்தும் வருகிற கண்ணெல்லாம் அங்கே வந்து முட்டும். அதை மட்டும் பெரியப்பா வெள்ளையடித்துச் சும்மா விட்டிருந்தார். அதையும் கேட்டுவிடுங்கள், உங்களுக்கு இல்லை என்றா சொல்லப் போகிறார் என்று எல்லோரும் அப்பாவை அரித்தார்கள். ஓட்டுக்கு ஐந்து நாள் இருக்கும், காலை பத்து மணி. நான் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அவர் பிறந்து வளர்ந்த வீடு. எந்த நாளும் அப்படி நின்றதில்லை.

பெரியம்மாவைக் கூப்பிட்டார். "அண்ணி, குடைச் சின்னத்துக்குச் செவுரு வேணுமுங்க."

பெரியம்மா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா, "ஏன் என்னையப் பாக்கற? செவுரு உன்றதுதான்" என்றார்.

பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். கொழுந்தனைக் கைக்குழந்தையாகத் தூக்கி வளர்த்தவள் அவள். "இல்ல சாமி. அது அவிய கச்சிக்குங்க" என்றாள். பாசமும் மரியாதையும் கலந்துபோய் ஒரே பேச்சில் சாமியும் வந்தது, ங்கவும் வந்தது.

"சரிங்கண்ணி" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கொடுத்திருந்தால் அப்படி மலர்ந்திருக்காது. உள்ளே வந்து மோர் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, எழுத ஆள் இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டார். இல்லை என்றார் பெரியப்பா, தானே எழுதிக்கொள்வதாக. அப்பா தலையைச் சொறிந்தார். அண்ணனின் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

மத்தியானம் பெயிண்டர் மாமா ஏணியோடு வந்து நின்றார். அப்பா அனுப்பியிருந்தார். பெரியப்பா முதலில் வேண்டாம் என்றார், பிறகு வெயிலைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். பத்து நாளாகக் குடை எழுதிச் சலித்த கை, பழைய சின்னத்தை எழுதும்போது எப்படி ஓடியது! முப்பது வருடம் பழகிய சின்னம். ஒரு கோடு திருத்தவில்லை. குடைகள் எல்லாம் கொஞ்சம் காளானாகத்தான் இருந்தன. அந்த ஒரு சுவர் மட்டும் அச்சடித்தது போல நின்றது.

சாயங்காலம் புதுக் கட்சி வேட்பாளர் ஜீப்பில் வந்தார். வெளியூர்க்காரர், வெள்ளைத் தலை, அவரும் ஆயுள் முழுக்கப் பழைய கட்சியில் இருந்துவிட்டு ஒரு மாதம் முன்பு வெளியே வந்தவர். தெருத்தெருவாகக் குடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குச் சந்தோசம். ஜீப் சந்தை முக்குக்குத் திரும்பியது. எதிரே அந்த மதில். கூட்டம் கோஷத்தை நிறுத்திவிட்டது.

"இது யாரு செவுரு?" என்று கேட்டார்.

லாரி ஆபீஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். அப்பாதான் சொன்னார், ஜீப்பின் பக்கவாட்டில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"எங்கண்ணன் செவுருங்க. கேட்டேன். குடுக்கலீங்க."

ஒரு பரிசைக் காட்டுகிறவர் மாதிரி சொன்னார். வேட்பாளர் மைக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, ஈரம் காயாத அந்தச் சின்னத்தைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வலது கை மட்டும், அவரைக் கேட்காமலேயே, அந்தச் சின்னத்தைக் கண்டால் எழுகிற முப்பது வருடப் பழக்கத்தில் மெல்ல மேலே எழும்பியது. பாதி எழுந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. இன்னொரு கையையும் அதோடு சேர்த்து, வாசலில் நின்ற பெரியப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெரியப்பாவும் கும்பிட்டார். பிறகு வண்டி போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.